மூன்றாம் பந்தி

சாம்பாரில் முருங்கைக்காய் இல்லை. எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை ஃபேஸ்புக்கில் எழுதியதன் சாரம் இவ்வளவுதான். உளுந்தூர்பேட்டை மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மூன்றாம் பந்தி. வாளியின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம் நாலு இலை தள்ளியே கேட்டது. வாசம் வந்தது, காய் வரவில்லை. இதை நாலு மணிக்குப் போட்டார். நாலே காலுக்குச் சித்தி போன் செய்தார்.

"ஏன்டா, நீ எழுதுனது பொய்யின்னு நான் சொல்லல. எதுக்கு எழுதுன?"

பதில் இல்லை. ஐந்து மணிக்குச் சித்தப்பா. ஐந்தரைக்குப் பெண்ணின் தாய்மாமன் பேசினார். அவர் முதல் பந்தியில் சாப்பிட்டவர், இரண்டு துண்டு விழுந்ததாம். ஆறு மணிக்குப் பதிவை எடுத்துவிட்டு, மணமக்கள் படத்தைப் போட்டு, "அருமையான விருந்து, வயிறும் மனசும் நிறைந்தது" என்று எழுதினார். 212 லைக். முருங்கைக்காய்க்கு விழுந்தது 9. அதில் ஒன்று பக்கத்து இலைக்காரர் போட்டது, அவரும் ஐந்தே முக்காலுக்கு எடுத்துவிட்டார்.

அந்த எலவனாசூர்கோட்டைக்காரர் வேறு யாருமில்லை, இதை எழுதுகிறவர்தான். "நான்" என்று எழுதினால் சித்திக்குத் தெரிந்துவிடும் என்பதால் "அவர்" ஆகியிருக்கிறார். இதற்கு முன்னோடி உண்டு. கண்ணதாசன் "வனவாசம்" எழுதியபோது தன்னை "அவன்" என்றே குறிப்பிட்டார். 1961-ல் தி.மு.க.வை விட்டு வெளியேறியது வரையிலான கதை அது. செய்த தப்புகளையும் போன இடங்களையும் ஒளிக்காமல் எழுதினார். கவிஞருக்கு அது துணிச்சல். நம்மாளுக்குச் சித்தி பயம். இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான், படர்க்கை.

இணையத்தில் எவ்வளவு உண்மை பேசலாம், எங்கே வாயை மூட வேண்டும் என்பதற்கு நம்மாள் ஒரு விதி தேடிக்கொண்டிருக்கிறார். அதற்காக ஊர்க்கோயில் வரைக்கும் ஒரு நடை போய் வரலாம்.

எலவனாசூரில் இருக்கிறவர் கிராம அர்த்தநாதேஸ்வரர். கல்வெட்டுத் தமிழில் ஊர்ப்பாகம் கொண்டருளிய மகாதேவர். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள கோயில். தமிழில் ஸ்டேட்டஸ் போடுகிற பழக்கம் இந்த மாதிரிச் சுவர்களில்தான் தொடங்கியது என்பது நம்மாள் கட்சி. அதற்குப் பெயர்கூட மெய்க்கீர்த்தி. பெயரிலேயே மெய்யை வைத்துவிட்டால் அப்புறம் யார் கேட்பது? கல்வெட்டின் தலைப்பில் மெய்க்கீர்த்தி வெட்டுகிற வழக்கத்தை நிலைநாட்டியவன் முதலாம் ராஜராஜன். காந்தளூர்ச்சாலை, வேங்கைநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, குடமலைநாடு, கொல்லம், கலிங்கம், ஈழம் என்று பிடித்த இடமெல்லாம் வரிசையாக வரும். ஆட்சியாண்டு ஏற ஏறப் பட்டியலும் நீளும். "இந்த வருஷம் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை, முழங்கால் வலி" என்று எந்த ராஜாவும் வெட்டச் சொன்னதில்லை.

தோற்ற சண்டை? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 949-ல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களோடு போர். சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்டான். அவனுக்கு வாய்த்த பெயர், ஆனைமேல் துஞ்சின தேவர். துஞ்சுவது என்றால் தூங்குவது. எதிரிப் படை சுற்றி நிற்க, அம்பு பறக்க, தேவர் அம்பாரியில் கண்ணயர்ந்தார். 1054-ல் கொப்பம். ராஜாதிராஜன் யானை மேல் இருந்தபடி சாளுக்கியர்களோடு மோதி உயிரை விட்டான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டு சண்டையைத் திருப்பினான். அண்ணனுக்கு என்ன பெயர்? அதே ஆனைமேல் துஞ்சின தேவர். நூறு வருஷ இடைவெளியில் ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் யானை மேல் தூங்கியிருக்கிறார்கள். சுந்தர சோழர் காஞ்சிபுரத்தில் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார். மொத்தத்தில் சோழ வம்சத்தில் யாரும் செத்ததாகத் தெரியவில்லை. படுத்த இடம்தான் வேறு வேறு.

ராஜாக்கள் இருக்கட்டும், ஆடுகள்கூடச் சாகவில்லை. கோயிலில் அணையா விளக்கு எரிய 96 ஆடு கொடுப்பார்கள், சில இடங்களில் 90. இடையர் ஆட்டை வாங்கிக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழம் செத்தால் குட்டி அந்தக் கணக்கில் சேரும், எண்ணிக்கை குறையக் கூடாது. ஆகவே கல்வெட்டில் அவற்றின் பெயர் சாவா மூவாப் பேராடு. சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. ஆயிரம் வருஷம் கழித்து எலவனாசூர்கோட்டை பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். அதிலும் யாரும் சாவதில்லை. இயற்கை எய்துகிறார்கள், சிவலோகப் பதவி அடைகிறார்கள். பக்கத்து ஃப்ளெக்ஸில் மஞ்சள் நீராட்டு விழா. சீர் கொண்டுவரும் தாய்மாமன் கூலிங் கிளாஸோடு நிற்கிறார், பின்னால் சிங்கம். சிங்கம் எந்த வகையில் சொந்தம் என்று யாரும் கேட்பதில்லை.

நம்மாள் மட்டும் யோக்கியமா? கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டமானது, அவருடைய முகப்பில் இன்னும் விழுப்புரம். அது சோம்பேறித்தனம், போகட்டும். போன வருஷம் கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு போனார். வெள்ளிமலை தாண்டி வண்டி பஞ்சர். ஒட்டுகிற ஆள் வரும்வரை வீட்டம்மாவோடு வாக்குவாதம். அருவிக்கு முன்னால் மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்து நின்றார்கள். அதில் ஒரு படத்துக்கு அவர் எழுதிய வாசகம், "மலையின் மடியில் மன அமைதி." மேலே டவர் கிடையாது. கச்சிராயபாளையம் இறங்கி வந்த பிறகுதான் மன அமைதியைப் போட முடிந்தது, அதுவும் டீக்கடை வாசலில், யார் சொல்லி இந்த மலைக்கு வந்தது என்கிற சண்டைக்கு நடுவில்.

உண்மையை எழுதியவர்கள் தமிழில் இல்லையா என்றால், இருக்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். வியாபாரி கையெழுத்து. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் என்ன கேட்டார், யார் என்ன கொடுத்தார், எல்லாம் இருக்கும். துய்ப்ளேயின் மனைவி மேல் அவருக்கு இருந்த கடுப்பும் இருக்கும். அவ்வளவு வெளிப்படையாக எப்படி எழுத முடிந்தது? படிக்க ஆள் இல்லை. 1846-ல்தான் அந்த நாட்குறிப்பு வெளியுலகத்துக்குத் தெரிந்தது, அதற்குள் சம்பந்தப்பட்ட எல்லாரும் துஞ்சியிருந்தார்கள். அன்றன்றைக்கே போட்டிருந்தால் நாலே காலுக்கு அந்த அம்மணி கூப்பிட்டிருப்பார்.

சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன் ஃபேஸ்புக் பக்கத்தில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அவரும் படர்க்கையில்தான் எழுதினார். ஒரு நாவலுக்காக வந்த மிரட்டலும், அதிகாரிகள் முன்னிலையில் நடந்த சமரசப் பேச்சும் அவரை அங்கே கொண்டு நிறுத்தின. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எழுத்தாளனாகப் பொதுவெளிக்குத் திரும்பினார். "துஞ்சினான்" என்று அவர் எழுதவில்லை, செத்துவிட்டான் என்றே எழுதினார். இதற்குப் பக்கத்தில் முருங்கைக்காயை வைப்பது அற்பத்தனம். அது நம்மாளுக்கும் தெரியும், ஆனாலும் கோபம் அடங்கவில்லை. சாம்பாரைப் பற்றிக்கூட நிஜத்தைச் சொல்ல முடியாத இடத்தில் வேறு எதைச் சொல்வது?

கல்யாண மண்டபத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிஜம் நடக்கிறது, வாசலில், மேசை போட்டு. ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் நோட்டில் எழுதுவார். ஊர், பெயர், தொகை. "அன்பை அள்ளி வழங்கினார்" என்று மொய் நோட்டில் யாரும் எழுதுவதில்லை. 501 என்றால் 501. திருப்பிச் செய்ய வேண்டிய பணம் ஆயிற்றே, அங்கே கீர்த்தி செல்லாது. கல்வெட்டும் இப்படித்தான், மேலே மெய்க்கீர்த்தி, கீழே மொய் நோட்டு: இன்னார் மகன் இன்னான் வைத்த விளக்கு ஒன்று, ஆடு தொண்ணூற்றாறு.

ராத்திரி பத்து மணிக்குச் சித்தி மறுபடி கூப்பிட்டார். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாங்க ஆயிரத்தொண்ணு வச்சோம். நீ இன்னைக்கு வச்சிருக்கிறது ஐந்நூத்தொண்ணு. இதுக்கு முருங்கைக்கா வேற கேக்குதா உனக்கு?"

அதற்கும் பதில் இல்லை. நோட்டில் இருப்பது சரிதான்.

வருகிற வெள்ளிக்கிழமை அதே வீட்டில் மறுவீட்டு விருந்து. அவருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. போனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.