காணாமற்போன இரண்டரை மணி நேரம்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

சென்னையில் பின்னிரவு 2 மணிக்கு விமானம் ஏறி, ஏறக்குறைய 4 மணி நேரம் பறந்து, பினாங்கின் பாயான் லெப்பாஸ் நிலையத்தில் இறங்குகிறவரின் கைபேசி 8.30 என்கிறது. கூட்டிப் பார்த்தால் 6 மணிதான் ஆகவேண்டும். மிச்சம் இரண்டரை மணி நேரம் பெட்டியோடு பெல்ட்டில் வருவதில்லை. சுங்க அதிகாரி எடுத்துவைத்ததாகவும் தகவல் இல்லை. பெட்டி தொலைந்தால் புகார் கொடுக்க ஒரு முகப்பு உண்டு. நேரம் தொலைந்தால் யாரிடம் போவது? ஆய்வுலகம் இதில் காட்டிவரும் அலட்சியத்தைப் போக்கவே இக்கட்டுரை.

சந்தேகத்துக்குரியோர்

முதலாமவர் சூரியன். சென்னை கிழக்கு 80 பாகையில் இருக்கிறது, பினாங்கு 100-இல். பாகைக்கு 4 நிமிடம் வீதம் 80 நிமிடம். எனவே சூரியன் எடுத்தது 1 மணி 20 நிமிடமே. எஞ்சிய 1 மணி 10 நிமிடத்துக்கு அவர் ஜவாப்தாரி அல்லர்.

இரண்டாமவர் அரசு. மலாயாக் கடிகாரத்தை 1933-இல் 20 நிமிடமும் 1941-இல் 10 நிமிடமும் முன்னே தள்ளினார்கள். ஜப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தையே கட்டிவிட்டார்கள். போருக்குப்பின் அது கழன்றது. 1982 புத்தாண்டன்று, சபா, சரவாக்கோடு ஒத்துப்போக இன்னும் அரை மணி போயிற்று. இன்றைய மலேசியக் கடிகாரம் ஓடுவது கிழக்கு 120 பாகைக் கோட்டின்படி. அக்கோடு மலேசிய மண்ணைத் தொடுவதேயில்லை. சாட்சி வேண்டுவோர் ஜார்ஜ் டவுன் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலருகே நிற்கலாம்: சூரியன் உச்சி சாய்ந்தபின் ஒலிக்கும் லுஹர் பாங்கு, ஆண்டு முழுவதும் 1 மணி தாண்டித்தான் கேட்கும்.

கப்பலோடு ஒப்பீடு

1926-இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. போருக்குப்பின் 1982 வரை வித்தியாசம் சரியாக 2 மணி நேரம். கப்பல் பயணி அதை நாளுக்குச் சில நிமிடங்களாகத் தவணையில் கட்டினார், வலி தெரியவில்லை. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானம் வந்தபின் முழுத்தொகையும் ஒரே மூச்சில் பிடித்தமாகிறது. ஆகவேதான், வெளிவாசலில் நிற்கும் பெரியப்பா "பசியாறியாச்சா?" என்று கேட்டதும் பயணி விழிக்கிறார். கடிகாரம் ஆம் என்கிறது; வயிறோ இன்னும் பல் துலக்கவில்லை.

முடிவு

திரும்பிப் போகிறவருக்குச் சென்னை மீனம்பாக்கத்தில் இரண்டரை மணி நேரமும் முழுதாகக் கைக்கு வந்துவிடுகிறது. வட்டி மட்டும் இல்லை. கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களோ தங்கள் 2 மணி நேரத்தைக் கேட்டு வாங்கவேயில்லை. அது சட்டப்படி வாரிசுகளுக்கு உரியது. ஆகவே நாசி கண்டார் கடையில் ஒரே ஒரு தே தாரேக்கை முன்னால் வைத்துக்கொண்டு 2 மணி நேரம் பேசுகிறவர்களை வெட்டிப்பொழுது போக்குகிறவர்கள் என்று ஏசுவது அறியாமை. அவர்கள் பாட்டன் சொத்தை அனுபவிக்கிறார்கள்.