சோலைவரிப் புத்தகத்துக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்:
மேயர் அவர்களும் ஆணையாளர் அவர்களும்,
தெஹிவளை–கல்கிசை மாநகர சபை.

பிரதி: கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கொழும்பு மாநகர சபை

விடயம்: எங்கள் மரபுரிமையைப் பாதுகாத்து வருவதற்கு நன்றி தெரிவித்தல்

ஐயா / அம்மணி,

சபைக்குக் கடிதம் வந்தால், குப்பை லொறி வரவில்லை, வடிகான் அடைத்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் மதிலை ஓரடி நகர்த்திவிட்டார் என்றுதான் இருக்கும். நன்றி சொல்லி எழுதுகிறவர்கள் அரிது. இதைப் பிரித்துப் படிக்கும் எழுதுவினைஞர் திகைக்க வேண்டாம். கோப்பு இலக்கம் ஒன்றைப் போட்டு வைத்தால் போதும்.

நான் களுபோவிலவாசி. ஊரிலிருந்து சொந்தக்காரர் கேட்டால் வெள்ளவத்தையில் இருக்கிறேன் என்றுதான் சொல்லுவேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. வாடகை தாங்காமல் கால்வாயைக் கடந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் எங்களில் பலர். தமிழ்ச் சங்கத்து நூலகம், புடவைக்கடை, கலியாண மண்டபம் எல்லாம் அங்கே. நித்திரையும், வீட்டுக்காகச் சபைக்குக் கட்டும் சோலைவரியும் இங்கே. எங்கள் மரபுரிமைக்கு எந்தச் சபை பொறுப்பு என்று விசாரித்தால் இரண்டு சபைகளும் ஒரே நேரத்தில் கால்வாயைக் கைகாட்டும். கால்வாயைப் பற்றிக் கேட்டாலோ, அது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு.

ஆனாலும் குற்றம் உங்களுடையது அல்ல. சட்டம் அப்படி. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியது எதுவோ அதுவே தொல்பொருள். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. மறுநாள் விடிந்த பிறகு கட்டியதெல்லாம் நேற்றுக் கட்டியது மாதிரித்தான். அமைச்சர் மனம் வைத்து வர்த்தமானியில் தனியாக அறிவித்தால் ஒழிய அதற்குப் பாதுகாப்பு இல்லை. இந்தத் திகதியைக் கையில் பிடித்துக்கொண்டு நகரத்தைச் சுற்றிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. வடக்கே ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்த வொல்வெண்டால் தேவாலயம்: சித்தி. அதே சுற்றாடலில், பொன்னம்பல முதலியார் 1850களில் தொடங்கி அவருடைய மகன் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில்: தானாகச் சித்தி இல்லை. கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்துக்கும் அதே பெறுபேறு. எங்கள் சபை எல்லைக்குள் கரகம்பிட்டிய சுபோதாராமய விகாரை 18ஆம் நூற்றாண்டுக்காரர், ஆகவே தப்பினார். களுபோவிலயில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகள், ஓடு வேய்ந்த விராந்தையும் மரப் பின்னலும் சிவப்புச் சீமெந்துத் தரையுமாக நிற்பவை, பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே போக முடியாது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தமிழர் குடியேறியது, கட்டியது, இழந்தது எல்லாமே அந்தத் திகதிக்குப் பிறகு. சட்டத்தின் கண்ணில் எங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், மரபுரிமை இருக்காது.

கொழும்பு மாநகர சபைக்கு மரபுரிமையில் அக்கறை இல்லை என்பவர்கள் புறக்கோட்டைப் பழைய நகர மண்டபத்துக்குள் கால் வைக்காதவர்கள். 1873இல் கட்டியது. 1928இல் சபை இன்றைய வெள்ளை மண்டபத்துக்குக் குடிபோனது. பழையது பின்னாளில் அருங்காட்சியகமானது. கீழே பழைய நீராவி றோட்டு உருளைகள். மேலே நீண்ட மேசை, அதைச் சுற்றி ஆளுயரப் பொம்மைகளாகச் சபை உறுப்பினர்கள் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். தன் வரலாறு முழுவதிலும் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு சபை தேர்ந்தெடுத்தது பாருங்கள்: கூட்டத்தை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மார்ச் 9 என்று குறித்த தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போய், 2025 மே 6இல்தான் நடந்தது. அந்த இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் கொழும்பிலே உறுப்பினர்கள் ஆசனத்தில் அமர்ந்திருந்த ஒரே சபை அந்தப் பொம்மைச் சபைதான். வரவு ஒழுங்கு, வெளிநடப்பு இல்லை, வாகன அனுமதிப்பத்திரம் கேட்டு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காப்பாற்றாமல் விட்டதற்கு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களவரும் மலையாளிகளும் அருகருகே நின்று வேலை செய்த இடம். 1933இல் அங்கே வெடித்த வேலைநிறுத்தத்தில்தான் கொல்வின் ஆர். டி சில்வாவும் கூட்டாளிகளும் தொழிற்சங்க வேலை பழகினார்கள். 1935இல் அவர்கள் கையில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. இந்த நாட்டு இடதுசாரிக்குக் கொழும்பில் தொட்டில் கட்டிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அங்கேதான் கூட்டிப்போவேன். போனால், ஆலை இருந்த காணியில் எழும்பிய ஹவ்லொக் சிட்டி மாடிவீட்டுத் தொகுதியின் வாசல் காவலாளி எந்த வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்பார். தொழிலாளர் சங்கம் இருந்த நிலத்தில் இப்போது மாடிவீட்டுச் சொந்தக்காரர்கள் கூடிப் பேசுவார்கள். பேச்சுப்பொருள் கூலி அல்ல, மின்தூக்கியின் பராமரிப்புக் கட்டணம்.

எங்களைச் சிங்கப்பூர் ஆக்கிக் காட்டுவதாக வாக்குக் கொடுக்காத அரசியல்வாதி இந்த நாட்டில் யார்? அவர்கள் காட்டும் படத்தில் கோபுரங்கள் மட்டுமே இருக்கும். அதே சிங்கப்பூர் 1989 ஜூலையில் சைனாடவுனையும் லிட்டில் இந்தியாவையும் கம்போங் கிளாமையும் பேணற்பகுதிகளாக அரசிதழில் அறிவித்து, கடைவீடுகளின் முகப்பில் கைவைக்கக்கூடாது என்று கட்டுப்போட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் நமக்குப் புத்தகத்தை இறக்குமதி செய்தார்கள் போல.

நியாயமாகவும் பேச வேண்டும். ஆடிவேல் திருவிழாக் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து ரதம் புறப்பட்டு வருகிறது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு பல வருடம் ஓடாமல் நின்ற ரதம் அது. ரதம் போன மறுநாள் காலையில் சிதறு தேங்காய் ஓட்டையும் பூவையும் கூட்டி அள்ளுகிறவர்கள் மாநகர சபைத் தொழிலாளர்கள். எங்கள் மரபுரிமைக்கு உள்ளூராட்சி செய்யும் உண்மையான தொண்டு விளக்குமாற்றால் நடக்கிறது. இதில் பகடி இல்லை.

1983 ஜூலையில் எரிந்த வீடுகளைப் பற்றியும் பகடி எழுத எனக்குக் கை வராது. எந்த ஒழுங்கையில் எந்த இலக்கத்து வீடு எரிந்தது என்று ஒரு பலகையை நான் கண்டதில்லை. ஆனால் சோலைவரிப் புத்தகத்தை எடுத்து, எந்தெந்த வீட்டுக்கு அடுத்த சில வருடங்களில் உரிமையாளர் பெயர் மாறியது என்று விரலை ஓட்டிப் பாருங்கள். பலகை தேவைப்படாது.

இந்தக் கடிதத்தின் நன்றி அந்தப் புத்தகத்துக்குத்தான். எங்களுக்கு இருக்கும் ஒரே நம்பகமான ஊர் வரலாறு அது. எழுதியவர்களுக்கே தெரியாமல் எழுதப்பட்டது. 17 என்று இருந்த வளவு பிள்ளைகளுக்குப் பிரிந்து 17/1, 17/2 ஆகும். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த பின்துண்டு 17/2ஏ. மூத்தவர் கனடாவுக்குப் போனபின் முன்துண்டு கைமாறி, ஏழு மாடி எழும்பி, 17 என்ற இலக்கம் ஒரு தபாற்பெட்டி வரிசையாகும். ஆண்டுப் பெறுமதி எந்த வருடம் ஏறியது என்று பார்த்தால் பின்னால் குசினி இறக்கிய வருடமும் மாடி எடுத்த வருடமும் தெரியும். தொல்பொருள் திணைக்களம் மண்வெட்டியோடு தேடுவதை உங்கள் வருமானப் பிரிவு வருடா வருடம் பேனாவால் பதிந்து வைத்திருக்கிறது. அப்புறம் அலமாரியில் பூட்டிவிடுகிறது. கறையான் மட்டும் படிக்கிறது என்று சந்தேகம்.

ஆகவே சில சில்லறை வேண்டுகோள்கள். பழைய சோலைவரிப் புத்தகங்களைச் சபை நூலகத்தில் ஒரு மேசையில் வைத்து, யாரும் வந்து பார்க்க விடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் நிலுவைக் கணக்குகளை மூடியே வையுங்கள், எங்களுக்கும் மானம் உண்டு. புதுக் கட்டடத்துக்கு வரைபடத்தோடு விண்ணப்பம் கொண்டுவருபவரிடம், இடிக்கப்போகும் வீட்டின் படம் ஒன்றையும் வாங்கி அதே கோப்பில் குத்துங்கள். வீதிக்கோட்டுச் சான்றிதழ் வரைக்கும் எத்தனையோ தாள் கேட்கும் உங்களுக்கு இன்னொன்று கேட்பதில் கூச்சம் இருக்காது. ஜனவரி 31க்குள் வருட வரியை முழுதாகக் கட்டுகிறவருக்குப் பத்து வீதம் கழிவு கொடுக்கிறீர்கள். நேரத்துக்குக் கட்டுகிறவனுக்கே கழிவு என்றால், மழைக்கு ஒழுகும் ஓடுகளை வருடா வருடம் மாற்றிக்கொண்டு, காணி வாங்க வரும் தரகரை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டு, விராந்தை வீட்டை விராந்தை வீடாகவே வைத்திருக்கிற கிழவிக்கு ஒரு கழிவு போட்டால் சபை நட்டப்பட்டுவிடாது. இதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவை என்பீர்கள். தேவையென்றால் எழுதிக் கேளுங்கள்.

கடிதத்தை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று குழப்பம் வரும். பொறியியல் பிரிவுக்கு வேண்டாம். பழைய வீடு என்ற சொல்லைக் கண்டதும் ஆபத்தான கட்டடம் என்று அறிவித்தல் ஒட்டிவிடுவார்கள். சுகாதாரப் பிரிவுக்குப் போனால் கிணற்றில் நுளம்புக் குடம்பி தேடுவார்கள். வருமானப் பிரிவுக்கே அனுப்புங்கள். அவர்கள் பதில் எழுதாவிட்டாலும் வருடத்தில் ஒரு தடவை அறிவித்தலோடு வீட்டைத் தேடி வருவார்கள். அப்போது நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிலுவை எதுவுமில்லாத களுபோவிலவாசி ஒருவர்