அலாய் அங்கிள்

சென்னையில் எந்தப் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவர் இருப்பார். விடிகாலையில் கார் நிறுத்தும் தளத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, சக்கரத்தின் சந்துபொந்துகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். காரின் கூரையில் புறா எச்சம் காய்ந்திருக்கும். பானெட்டில் பூனை படுத்த தடம் இருக்கும். அதெல்லாம் அவர் கண்ணில் படாது. அவரைப் பொறுத்தவரை கார் என்பது தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் முடிந்துவிடுகிற பொருள். மேலே இருப்பது வெயிலுக்கு ஒரு கூரை. பிள்ளைகள் வைத்த பெயர் அலாய் அங்கிள்.

பிறக்கும்போதே யாரும் அலாய் அங்கிளாகப் பிறப்பதில்லை. எங்கள் குடியிருப்பு அங்கிளின் காரும் ஒரு காலத்தில் இரும்பு ரிம்மும் அதன் மேல் பிளாஸ்டிக் வீல் கப்பும் போட்டுக்கொண்டு சாதுவாகத்தான் ஓடியது. சீட் கவர் மாட்ட ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனார். அந்தத் தெருவில் சீட் கவரோடு மட்டும் திரும்பி வருவதற்குத் தனி மனவலிமை வேண்டும். அவர் நான்கு டைமண்ட் கட் அலாய் வீல்களோடு வந்தார். சீட் கவர் இன்றுவரை மாட்டவில்லை.

டைமண்ட் கட் என்றால் வைரம் ஒன்றும் கிடையாது. சக்கரத்தின் முகத்தைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, மெல்லியதாகச் சீவி, அலுமினியக் கலவை பளபளவென்று தெரியும்படி விட்டு, மேலே நிறமில்லாத லாக்கர் அடிப்பார்கள். ஒரு கீறல் விழுந்தால் போதும், லாக்கருக்கு அடியில் ஈரம் புகுந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். சரிசெய்ய மறுபடி கடைசலில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போதெல்லாம் கொஞ்சம் உலோகம் போகும் என்பதால், ஆயுளில் சில தடவைதான் அந்த வைத்தியம் செல்லும். சாதாரணப் பெயின்ட் அலாய் என்றால் பட்டி பார்த்து ஒருவாறு மறைக்கலாம். இதில் அதுவும் முடியாது. இந்த விவரத்தைக் கடைக்காரர் பணம் எண்ணி முடித்த பிறகு சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து அங்கிளின் தூக்கம் போயிற்று.

பூஜைக்குப் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்கு வண்டியை எடுத்துப் போனார்கள். சென்னையில் புது வண்டி வாங்கியவர்கள் போகிற இடம். சக்கரம் மட்டும் புதிதானாலும் போகலாம் என்பது அங்கிளின் கட்சி. பூசாரி வழக்கப்படி நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"சாமி, சாறு தெறிச்சா லாக்கர் போயிடாதே?"

பூசாரி அப்படியொரு கேள்வியை அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார். சந்தனக் கிண்ணத்தோடு சக்கரத்தை நோக்கிக் குனிந்தவரை அங்கிள் கையைப் பிடித்தே தடுத்துவிட்டார். "டயர்ல மட்டும் வைங்க சாமி. ரிம் வேணாம்." முனீஸ்வரன் ரப்பரை மட்டும் காத்தால் போதும், மீதியைத் தாம் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

அவருடைய பயத்துக்குக் கணக்கு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த டயர் 195/65 ஆர் 15. அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், அதில் 65 சதவீதம் பக்கச்சுவர்: கிட்டத்தட்ட 127 மில்லிமீட்டர் ரப்பர். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏறியது 205/50 ஆர் 17. சுவர் 102.5 மில்லிமீட்டர். மொத்தச் சக்கரத்தின் உயரம் ஏறக்குறைய மாறவில்லை, ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லவில்லை. இரும்பு இருந்த இடத்தில் அலுமினியம் வந்தது, ரப்பர் இருந்த இடத்திலும் அலுமினியம் வந்தது. இந்திய சாலைப் பேராயத்தின் வழிகாட்டுதல்படி நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டாத பிளாட்பாரமாகவே இருந்தாலும் கல்லின் உச்சி அவருடைய ரிம்மை எட்டிவிடும். வழிகாட்டுதலைப் படிக்காத பிளாட்பாரங்கள் நம் ஊரில் எவ்வளவு என்பது தனிக் கதை.

அம்பாசடர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. டயர் சுவர் உயரமாக இருக்கும். இடித்தால் ரப்பர்தான் முதலில் வாங்கும். ரிம்மே வளைந்தாலும் டயர் கடைக்காரர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "போங்க சார்" என்பார். அலாயைத் தட்ட முடியாது. பலமாக அடிபட்டால் அது விரிசல் விடுகிற ஜாதி.

ஆகவே அங்கிள் பிளாட்பாரத்தைப் படிக்க ஆரம்பித்தார். 2019இல் பாண்டி பஜாரின் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தபோது ஊரே மேலே ஏறி நடந்து, விளக்குக் கம்பத்தடியில் செல்ஃபி எடுத்தது. அங்கிள் கீழேயே நின்று குனிந்து, கல்லின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எந்தத் தெருவில் கல் கூர், எங்கே மழுங்கல், எந்த வளைவில் மழைநீர் வடிகாலின் கான்கிரீட் மூடி துருத்திக்கொண்டிருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடும் வழக்கத்தை இந்த நகரத்தில் மனமார ஆதரிக்கிறவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். நமக்கெல்லாம் வீடு பள்ளத்தில் இறங்குகிறது. அவருக்குப் பிளாட்பாரம் இறங்குகிறது.

அவர் வண்டி நிறுத்தும் காட்சியை டிக்கெட் போட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் ஓட்டுபவர் வலப்பக்கம், பிளாட்பாரம் இடப்பக்கம். காக்க வேண்டிய இரண்டு சக்கரமும் ஓட்டுபவருக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கும்படி யாரோ திட்டமிட்டுச் செய்திருக்கிறார்கள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. இடப்பக்கக் கண்ணாடியைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்திருப்பார். அதில் பின்சக்கரம் தெரியும். பின்னால் வருகிற பஸ் தெரியாது.

ஒரு வாட்ச்மேன் விசிலோடு வருவார். "வாங்க வாங்க வாங்க... லெஃப்ட்ல ஒடிங்க... இன்னும் ஒரு அடி இருக்கு சார்."

"யார் அடி? உன் கால் அடியா, என் கால் அடியா?"

வாட்ச்மேன் தம் செருப்பைப் பார்ப்பார். அங்கிள் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இறங்கிச் சுற்றிவந்து, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே சாண் போட்டு அளந்து, மறுபடி ஏறி, இன்னும் விலக்கி நிறுத்துவார். முடிவில் கல்லுக்கும் காருக்கும் இடையே இரண்டரை அடி அகழி இருக்கும். இடக் கதவைத் திறக்கிற அவர் மனைவி முதலில் அகழியின் ஆழத்தைப் பார்க்க வேண்டும், மழைக்காலமானால் தண்ணீரையும். மாமியாரோ இறங்குவதே இல்லை. "நான் வண்டியிலேயே இருக்கேன், நீங்க போய் வாங்கிட்டு வாங்க" என்று தீபாவளிப் புடவையையே அவர் கார் ஜன்னல் வழியாகத்தான் தேர்ந்தெடுத்தார். ஒரு முறை சாப்பாடு டெலிவரி செய்கிற பையன் அந்த இடைவெளியில் அளவெடுத்தாற்போல் பைக்கைச் செருகி ஸ்டாண்ட் போட்டான். அங்கிள் பதறியதைப் பார்த்து அவனுக்கு ஆச்சரியம். "இதுக்குத்தானே விட்டு வெச்சிருக்கீங்க?"

மகன் கார் பழகியபோது கிளட்ச், கியர் எல்லாம் டிரைவிங் ஸ்கூல் பார்த்துக்கொண்டது. அப்பா எடுத்தது ஒரே பாடம்.

"முன் வீல் போன தடத்துல பின் வீல் போகாதுடா. திரும்பும்போது உள்ளே வெட்டும். முன்னாடி தப்பிச்சோம்னு நீ நெனப்ப, பின்னாடி உரசிட்டு நிக்கும். கல்லத் தாண்டி முன்ன போ, அப்புறம் ஒடி."

உண்மையில் இது அருமையான பாடம். இடது திருப்பத்தில் அடிபடுகிற ரிம்களில் பின் இடதுதான் அதிகம் மாட்டும் என்பதற்கு வேறு காரணம் இல்லை. மகன் பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டான். எந்த இடது திருப்பத்திலும் முக்கால் தெருவைத் தாண்டிப் போய்த்தான் ஒடிப்பான். எதிரே வருகிறவர்கள் அவன் தகப்பனாரைப் பற்றிச் சொல்வது வேறு பாடம்.

கல்யாண மண்டபங்களில் வேலட் பார்க்கிங் வந்த பிறகு அங்கிள் முகூர்த்தங்களுக்குப் போவது குறைந்துவிட்டது. சாவியை அன்னியன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து வத்தக்குழம்பு சாப்பிட அவரால் முடியாது. போனாலும் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார். ரிம்முக்கு ஒட்டுகிற ரப்பர் பட்டை கூட வாங்கிப் பார்த்தார். ஒட்டினால் ரிம் பத்திரம், ஆனால் ரிம் தெரியவில்லை. இந்தத் தத்துவச் சிக்கலை ஒரு வாரம் ஆராய்ந்துவிட்டுக் கழற்றிவிட்டார்.

போன மாதம் காரை விற்க முடிவு செய்தார். மதிப்பீடு செய்ய ஒரு இளைஞர் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்து போனில் படம் எடுத்துக்கொண்டே போனவர், வலப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். பிளாட்பாரத்திலிருந்து இரண்டரை அடி தள்ளி நிறுத்தினால் அந்த இரண்டரை அடி ரோட்டில்தானே போய் நீட்டிக்கொண்டிருக்கும்? ஷேர் ஆட்டோ ஒன்று, தண்ணி லாரி ஒன்று, பெயர் தெரியாத பைக்குகள் பல, வலப்பக்கக் கதவுகள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தன. கண்ணாடி, இன்சுலேஷன் டேப்பின் தயவில் நின்றுகொண்டிருந்தது.

"வலது பக்கம் முழுக்க டிங்கரிங் வேலை இருக்கே சார்."

"அத விடுங்க தம்பி. வீலைப் பாருங்க. நாலுலயும் ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்."

இளைஞர் மரியாதைக்காகக் குனிந்து பார்த்தார். "சூப்பரா இருக்கு சார்."

"அதுக்கு எவ்வளவு சேர்த்துப் போடுவீங்க?"

"கம்பெனி வீல் இல்லையே சார். எங்க ஆப்ல அதுக்குக் கட்டமே கிடையாது."

அன்று சாயங்காலமே பரணிலிருந்து பழைய இரும்பு ரிம்கள் இறங்கின. கார் வந்தபோது இருந்த கோலத்திலேயே, வீல் கப்போடு, கிடைத்த விலைக்குப் போயிற்று. அலாய் நான்கும் இப்போது ஹாலில், பழைய போர்வை சுற்றி, டிவிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிள் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறார். மைலேஜ் எவ்வளவு, ஏர்பேக் எத்தனை என்று விற்பனைப் பெண் ஆரம்பித்தால் கையமர்த்தி, சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து நீட்டுகிறார்: ஐந்து போல்ட், 114.3 மில்லிமீட்டர், 17 இஞ்ச்.

"இந்த வீலுக்குப் பொருந்தற மாதிரி கார் ஏதாவது இருக்காம்மா?"