ஜீப் தலபுராணம்

குற்றாலத்துக்குத் தலபுராணம் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் ஜீப்பைப் பாடாமல் போய்விட்டார். அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

அவதாரப் படலம்: 1940-இல் அமெரிக்க ராணுவம் ஒரு வண்டி கேட்டது. சேற்றில் போக வேண்டும், மேட்டில் ஏற வேண்டும், சிப்பாயைச் சுமக்க வேண்டும். போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள்.

லீலைப் படலம்: 1948. காஷ்மீரில் சண்டை. லண்டனில் நம் ஹை கமிஷனர் வி.கே. கிருஷ்ண மேனன், நடைமுறைகளைத் தாண்டி 80 லட்ச ரூபாய்க்கு ஜீப் ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்கியவை 155. எதற்கும் உதவாது என்று ராணுவம் தள்ளிவிட்டது. 1955 செப்டம்பர் 30-இல் உள்துறை அமைச்சர் பந்த் அந்த விவகாரத்தின் கோப்பை மூடினார். 1956 பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சர். 1957-இல் அவருக்குக் கிடைத்த துறை? பாதுகாப்பு! ஓடாத ஜீப்பிலும் டெல்லி போய்ச் சேரலாம் என்று நாடு கற்றுக்கொண்டது.

பிறவிப் படலம்: மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பை இங்கே கோத்துக் கொடுத்தது. ஜபல்பூரில் ஜோங்கா பிறந்தது. பிறகு ஜிப்ஸி. 2017-இல் 3,192 சஃபாரி ஸ்டோர்ம் கேட்டது ராணுவம். வண்டி மாறியது, பனியிலும் மணலிலும் அதைத் தள்ளுகிற சிப்பாய் மாறவில்லை.

தென்காசிப் படலம்: 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டம் ஆனோம். தனி மாவட்டம் என்றால் அதிகாரிகளுக்குத் தனித்தனி ஜீப்.

சீசனில் குற்றாலத்து ஐந்தருவி. சாரல். வரிசை. விசில் ஊதுகிறது. "எல்லாரும் வெளிய வாங்க, அய்யா குளிக்க வாராங்க!" தலை நிறைய எண்ணெயோடு ஒரு பாட்டி, "எண்ணெ போவலைய்யா" என்று கெஞ்சுகிறாள். ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. சுழல்விளக்கை 2017-இல் கழற்றிவிட்டார்கள். அதற்குக் கீழே இருந்த திமிர் கழலவில்லை. மலை எல்லோருக்குமாகக் கொட்டுகிற தண்ணீர், அரை மணி நேரம் ஒரு முதுகுக்கு மட்டும் கொட்டியது.

2024 மே 17. பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போனது. குளிக்கத் தடை வந்தது. பையன் போன பிறகு வந்தது. பெரிய மனிதர் வருவதை முன்கூட்டியே அறிந்து ஆளை விலக்கத் தெரிந்த ஊரய்யா இது! தண்ணீர் வருவதைச் சொல்ல மட்டும் நமக்கு ஒரு விசில் கிடைப்பதில்லை. தண்ணீருக்குப் பதவி இல்லையே.

பலசுருதி: அந்த ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தேன். கியருக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி.

"அண்ணாச்சி, இது எதுக்கு?"

"நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கதுக்கு. சேறு, பள்ளம், வெள்ளம்னா போடணும்."

"போட்டிருக்கீயளா?"

"இந்த வண்டி எங்கய்யா அங்கெல்லாம் போவுது?"

அய்யா குளித்து முடித்து வந்தார். ஈரத்துண்டைப் பிழிந்தார். டிரைவர் பணிவாக வாங்கி, அந்தக் கம்பியில் காயப்போட்டார்.