காருக்கு வீட்டிலேயே ஏசி கேஸ் ஏற்றும் கலை

காரின் ஏசியில் குளிர்ச்சி குறைந்ததும் மெக்கானிக்கிடம் போகாமல், ஒரு டப்பா கேஸும் ஒரு ரப்பர் குழாயும் வாங்கி, காரின் உரிமையாளரே நிரப்பிக்கொள்வது வீட்டுமுறை கேஸ் ஏற்றுதல் ஆகும். இந்தப் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே உதிரிபாகக் கடைகளில் என்ஜின் ஆயிலுக்குப் பக்கத்து அடுக்கிலேயே கேஸ் டப்பாவும் இருக்கும். ஆன்லைன் வியாபாரம் வந்தபின் 450 கிராம் டப்பா தமிழ்நாட்டு வாசல்களிலும் வந்து இறங்குகிறது. இங்கே இதற்கான பருவம் கத்திரி வெயில், நாள் ஞாயிற்றுக்கிழமை, இடம் அபார்ட்மெண்ட் பார்க்கிங். தேவைப்படும் ஆட்கள் நால்வர்: கேஸ் ஏற்றுபவர், ஆக்சிலரேட்டரை மிதிக்க அவருடைய மனைவி, டார்ச் பிடிக்க வாட்ச்மேன், கூப்பிடாமலே வந்து யோசனை சொல்ல இரண்டாவது மாடி மாமா.

தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்கப்பட்ட முதல் கார் அமெரிக்காவின் பாக்கார்ட், 1940 மாடல். அந்த ஏசியை அடியோடு நிறுத்த வேண்டுமென்றால் ஓட்டுநர் என்ஜினை அணைத்து, கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஏசிக்காக வெயிலில் பானெட்டைத் திறந்து நிற்கும் மரபு, ஆக, ஏசியோடு கூடவே பிறந்தது. பிற்காலக் கார்களில் ஓடிய வாயு ஆர்-12. 1928-இல் இதைக் கண்டெடுத்த குழுவின் தலைவர் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனைக்கும் சொந்தக்காரர். ஒரு மனிதர் காற்றுக்குச் செய்யக்கூடியதை அவர் இரண்டு தவணையாகச் செய்தார். ஆர்-12 ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்து, 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கார்கள் ஆர்-134ஏ-வுக்கு மாறத் தொடங்கின. இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது இதுதான். சில புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கிறது. இது விலை கூடியது, சற்றே தீப்பற்றக்கூடியது. ஒன்றுக்கு வாங்கிய டப்பாவை மற்றதில் ஏற்றக் கூடாது. எந்தக் காரில் எது, எத்தனை கிராம் என்பதைப் பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் சொல்லும். காரை வாங்கிய நாளிலிருந்து யாரும் படிக்காத ஒரே எழுத்து அதுதான்.

ஏசி வேலை செய்யும் விதம் எளிது. என்ஜினால் சுழலும் கம்ப்ரசர் வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளிக்காற்றில் கழிந்து, வாயு திரவமாகிறது. ட்ரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வின் குறுகிய துளை வழியே பாய்ந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது. ஆர்-134ஏ சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும் சரக்கு. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பிறகு மறுபடியும் கம்ப்ரசர்.

இந்தச் சுற்றுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. வாயு எரிவதில்லை, தேய்வதில்லை, பயன்படுத்தியதால் குறைவதுமில்லை. ரப்பர் குழாய்களின் வழியே பல வருடங்களில் கொஞ்சம் கசிவது இயல்பு. போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லை என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் வீட்டில் கேஸ் ஏற்றும் ஆசையில் பாதி வடிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, டப்பாவின் மேல் இதை யாரும் அச்சடிப்பதில்லை.

முதல் படி நோயறிதல். ஏசி குளிரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றே: "கேஸ் கம்மியா இருக்கும் சார்." கேபின் ஃபில்டரில் இரண்டு வருடத்துத் தூசி அடைத்திருந்தாலும் காற்று வராது. கண்டென்சரில் சேறும் பூச்சியும் அப்பியிருந்தாலும் சூடு கழியாது. கண்டென்சர் ஃபேன் ஓடாவிட்டால், நெடுஞ்சாலையில் குளிர்ந்து சிக்னலில் வியர்க்கும். ஃபியூஸ், ரிலே, கம்ப்ரசர் கிளட்ச், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் பிரிக்கும் சின்னக் கதவு என்று வேறு பல காரணங்களும் உண்டு. இவை எதுவும் கேஸ் ஏற்றினால் சரியாகாது. ஓடும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, "கேஸ் லீக் ஆகுது பாருங்க" என்று மாமா சுட்டிக்காட்டுவார். அது கூலிங் காயிலில் படிந்த காற்றின் ஈரம். ஏசி உழைக்கிறது என்பதற்கான சான்று. காற்றில் கலந்த கேஸ் கண்ணுக்குத் தெரியாது, சொட்டாது, மாமாவின் பார்வைக்கும் சிக்காது.

இரண்டாம் படி வாயைக் கண்டுபிடித்தல். காரில் கேஸ் ஏற்றும் வாய்கள் இரண்டு. தடித்த குழாயில் இருப்பது லோ சைடு, மெல்லிய குழாயில் இருப்பது ஹை சைடு. பல கார்களில் மூடியிலேயே எல், எச் என்று பொறித்திருக்கும். கேஸ் ஏற்ற வேண்டியது லோ சைடில் மட்டும். ஏசி ஓடும்போது ஹை சைடில் 200 பிஎஸ்ஐ-க்கு மேலும் அழுத்தம் இருக்கும். அங்கே டப்பாவை மாட்டினால் கேஸ் காருக்குள் போவதற்குப் பதிலாகக் கார் டப்பாவுக்குள் வரும். டப்பா அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல, வெடிக்கலாம். மனிதர்களின் இயல்பை முன்பே அறிந்த பொறியாளர்கள், இரண்டு வாய்களையும் 13, 16 மில்லிமீட்டர் என வெவ்வேறு அளவில் செய்தார்கள். லோ சைடு கப்ளர் ஹை சைடில் உட்காராது. "கொஞ்சம் அழுத்திப் பாருங்க சார்" என்னும் வாட்ச்மேனின் யோசனையைப் பொறியாளர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி இணைப்பு. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். திரவக் கேஸ் தோலில் பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குழாயின் முனையில் உள்ள ஊசி டப்பாவைத் துளைக்கும். காரில் மாட்டுமுன் குழாயில் இருக்கும் காற்றை ஒரு நொடி கேஸ் விட்டு வெளியே தள்ள வேண்டும். பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஏசியை உச்சக் குளிரில் வைத்து, ஜன்னல்களைத் திறந்து, என்ஜினை நிமிடத்துக்கு 1500 சுற்றில் வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பொறுப்பு மனைவியுடையது. "ஏங்க, போதுமா?" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து வரும் கேள்விக்கு, பானெட்டின் மறைவிலிருந்து "இன்னும் கொஞ்சம்" என்று வரும் பதில், மாற்றமின்றிப் பத்து நிமிடம் தொடரும்.

டப்பாவை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். கவிழ்த்தால் திரவம் நேராகக் கம்ப்ரசருக்குள் போகும். வாயுவை அழுத்தப் பிறந்த கம்ப்ரசர் திரவத்தை அழுத்த முடியாமல் உடையலாம். கேஸ் வெளியேற வெளியேற டப்பா சில்லிட்டு, அழுத்தம் குறைந்து, ஓட்டம் நின்றுபோகும். அப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை நிறுத்தலாம். கத்திரி வெயிலில் இதற்கு அடுப்பு மூட்ட வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரே போதும். தீயில் காட்டுவது அறவே கூடாது.

நான்காம் படி மீட்டரைப் படித்தல். பெரும்பாலான விபரீதங்கள் நடப்பது இங்கேதான். குழாயோடு வரும் மீட்டரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசியிருக்கும். டிராஃபிக் சிக்னலில் மதிக்காத பச்சையை இந்த மீட்டரில் எல்லோரும் மதிக்கிறார்கள். ஏசி ஓடாதபோது சுற்றின் இரு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் அது சுமார் 97 பிஎஸ்ஐ. உள்ளே சில துளி திரவம் மீதி இருக்கும்வரை, 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் இதே 97-தான். ஆக, அழுத்தத்தை மட்டும் பார்த்து உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கேஸ் மிகவும் குறைந்தால் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவே விடாது. ஃபியூஸோ கிளட்சோ பழுதாகி அது ஓடாமல் நின்றாலோ மீட்டர் முள் சிவப்பைக் காட்டும், பார்ப்பவர் கேஸ் அதிகம் என்று முடிவு செய்வார். கம்ப்ரசர் ஓடும்போது லோ சைடில் 25 முதல் 45 பிஎஸ்ஐ வரை பொதுவான கணக்கு. அதுவும் அன்றைய வெயிலைப் பொறுத்து மாறும்.

பார்க்கிங்கின் பொதுக் கருத்து, கேஸ் கூடினால் குளிர் கூடும் என்பது. பாயசத்துக்குச் சர்க்கரை போடும் கையோடு மீதி டப்பாவும் உள்ளே போகிறது. நடப்பதோ எதிர்மாறு. அளவு மீறினால் கண்டென்சரில் திரவம் தேங்கி, ஹை சைடு அழுத்தம் ஏறி, குளிர்ச்சி குறைந்து, கம்ப்ரசர் திணறும். குளிர்ச்சி குறைந்ததைக் கண்டதும் இன்னொரு டப்பா ஆர்டர் செய்யப்படும். சின்னக் காரின் முழுக் கொள்ளளவே பெரும்பாலும் 350 முதல் 500 கிராம் வரைதான்; ஒரு டப்பாவே ஏறக்குறைய ஒரு முழுச் சாப்பாடு. விளைவைச் சோதிக்க ஏசி துவாரத்தில் தெர்மாமீட்டர் வைப்பது முறை. நல்ல நிலையில் 5 முதல் 10 டிகிரி வரை காட்டும். வீட்டிலிருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டர் 35 டிகிரியில் தொடங்குவதால், ஏசிக்குக் காய்ச்சல் இல்லை என்பதை மட்டுமே அது உறுதிப்படுத்தும்.

சரியான முறை வேறு. பழைய கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து, கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் பம்ப் வைத்துக் குறைந்தது அரை மணி நேரம் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். நல்ல வெற்றிடத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பேன்ஷன் வால்வில் பனிக்கட்டியாக அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வெற்றிடம் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு, ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். உள்ளே ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மேலே ஊற்றுவது எந்தத் தராசாலும் சரியாகாது. வேக்கம் போடாமல் "டாப்-அப்" மட்டும் செய்து அனுப்பும் கடைக்கும் இந்தக் குறை பொருந்தும்.

டப்பாவுக்குள் இருப்பது லேபிளில் உள்ளதுதானா என்பது தனிக் கேள்வி. போலி ஆர்-134ஏ-வில் கலந்திருந்த மீத்தைல் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறியதால், 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதன கண்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் டப்பாவின் மீதி விலை எங்கே வசூலாகும் என்று சொல்ல முடியாது.

ஓட்டையை அடைக்காமல் ஏற்றிய கேஸ் கடைசியில் வானத்துக்குத்தான் போகிறது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் 100 வருடக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 1430 மடங்கு பூமியைச் சூடாக்கும். 450 கிராம் கசிந்தால் சுமார் 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்கு ஈடு. 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் கூடி இத்தகைய வாயுக்களைக் குறைக்க ஒப்புக்கொண்டது இதனால்தான். காருக்குள் குளிரடிக்கச் செய்யும் முயற்சி காருக்கு வெளியே வெயிலைக் கூட்டி, அடுத்த கோடையில் இன்னொரு டப்பாவுக்கு வழி செய்கிறது.

கார் ஏசிக்கு வீட்டில் செய்யத்தக்கவை மூன்று. கேபின் ஃபில்டரை மாற்றலாம். பல கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். கண்டென்சரை மெதுவான தண்ணீர் பீய்ச்சலில் கழுவலாம். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். கேஸ் ஏற்றும் வேலையை வேக்கம் பம்பும் தராசும் வைத்திருப்பவரிடம் விடுவது நல்லது. அவர் அந்த இரண்டையும் பயன்படுத்துகிறாரா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பது இன்னும் நல்லது. வருடாவருடம் கேஸ் கேட்கும் காருக்கு முதலில் வேண்டியது பல சமயம் குழாய் இணைப்பிலுள்ள ரப்பர் வளையமான ஒரு புது ஓ-ரிங். அதன் விலை கேஸ் டப்பாவின் விலையில் ஒரு சிறு பங்குகூட இராது.