நூறு கைகளும் பத்து மம்பட்டிகளும்

நாட்டு நலப்பணித் திட்டம் என்பது, காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பெற்றதும், கல்லூரி மாணவரை ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணியில் ஈடுபடுத்துவதுமான திட்டமாகும். இதில் சேர்ந்த மாணவர் தொண்டர் எனவும், அவரை மேய்க்கும் பொறுப்பேற்ற பேராசிரியர் திட்ட அலுவலர் எனவும், நூறு தொண்டர்களின் தொகுதி அலகு எனவும், அந்த அலகில் பாதிப்பேர் ஒரு சிற்றூரில் ஏழு நாள் தங்கி உழைப்பது சிறப்பு முகாம் எனவும் வழங்கப்படும். திட்டத்தின் சின்னம் கொணார்க் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்களும் நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பன என்றும், அத்தனை நேரமும் தொண்டர் பணிக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்றும் அதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. பாளையங்கோட்டையிலிருந்து வேன் ஏறி முகாமுக்குச் செல்லும் தொண்டர் ஒருவரின் நாளை அருகிருந்து நோக்குவோர்க்கு, அந்த எட்டில் மண்ணைத் தொடும் ஆரம் ஒன்றே என்பதும், எஞ்சிய ஏழும் சக்கரம் வட்டமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே உள்ளன என்பதும் விளங்கும்.

முகாம் நடைபெறும் ஊருக்குத் தத்துக் கிராமம் என்று பெயர். தத்தெடுப்பவருக்கு வயது பத்தொன்பது. தத்துப் போகும் ஊரோ கல்வெட்டுக் காலத்தது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணியின் குறுக்கே, கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. திருவைகுண்டம் ஒன்றே 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது, மற்ற ஏழும் அவர்களுக்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்கள் வயல்களுக்கும் குளங்களுக்கும் நீர் சேர்க்கின்றன. கார், பிசானம் எனும் இரு நெற்பருவங்களையும் நம்பி வாழ்ந்த ஊரார், வாய்க்காலையும் கரையையும் மடையையும் (மடையாவது குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய்) தாமே கூடிச் செப்பனிட்டு வந்த வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. இதற்கு ஆள் வருவது எப்போதுமே தகராறாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிடில், வழக்கப்படி உழைக்க வேண்டியவர் தக்க காரணமின்றி வராதொழிந்தால் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு பணம் கட்ட வேண்டும் என்று 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் விதித்திருக்காது. வராதவருக்குத் தண்டம் விதித்து நடத்திய வேலையை, வந்தவருக்குச் சான்றிதழ் கொடுத்தும் நடத்தலாம் என்று கண்டறிந்ததை அதன் பின்வந்த நிருவாகத்தின் பெரும் முன்னேற்றமாகவே கொள்ள வேண்டும்.

தொண்டரின் நாள் தொடக்கப்பள்ளி வகுப்பறையின் சிமெண்டுத் தரையில், முந்திய இரவு நெடுநேரம் சொல்லப்பட்ட பேய்க்கதைகளின் பயனாக, சற்றுத் தாமதமாகவே விடிகிறது. ஐம்பது பேருக்கு இரண்டு குழாய்கள் என்பதால் பல் துலக்குவதே அன்றைய முதற் குழுப்பணியாக அமைகிறது. கோதுமை உப்புமாவுக்குப் பின் கொடியேற்றம், உறுதிமொழி, வருகைப் பதிவு ஆகியவை முடிய, ஃபிளெக்ஸ் கட்டும் சடங்கு தொடங்குகிறது. ஃபிளெக்ஸ் என்பது கல்லூரியின் பெயர், முகாமின் நாள், சிறப்பு விருந்தினர்களின் படங்கள் முதலியன அச்சிடப்பட்ட பெருந்துணி. வேலை நடக்கும் இடத்தில் அது கட்டப்படாமல் வேலை தொடங்குவதில்லை. விருந்தினர் ஒருவர் ஒரு கூடை மண்ணை அள்ளிக் கொட்டிப் பணியைத் தொடங்கி வைப்பார். படம் சரியாக விழவில்லை என்றால் அதே மண்ணை மீண்டும் அள்ளிக் கொட்டுவார். ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் உமுகாண்டா என்றொரு முறை நடைமுறையில் உள்ளது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை 18 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்ட குடிமக்கள் காலை எட்டு மணிக்குக் கூடித் தெருவும் வாய்க்காலும் செப்பனிட்டு, பதினொரு மணிக்கு வேலையை முடித்து, ஊர்க் கூட்டத்துக்குச் சென்றுவிடுகின்றனர். தாமிரபரணிக் கரையில் அந்தப் பதினொரு மணி என்பது ஃபிளெக்ஸின் இரண்டாவது மூலைக்குக் கயிறு தேடப்படும் நேரமாகும்.

இனிக் கருவிகளைக் கருதலாம். ஐம்பது தொண்டர்களின் நூறு கைகளுக்கு, ஊராட்சியிலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் இரவல் வாங்கிய மம்பட்டிகள் (பாடநூல்கள் மண்வெட்டி என்று குறிப்பிடுவதும் இதுவே) பத்து தேறினால் அது நல்ல முகாம். எஞ்சியோர் வரிசையாக நின்று மண்சட்டியைக் கைமாற்றுவர். சிலர் தண்ணீர்க் குடத்துக்குக் காவலிருப்பர். சிலர் வெட்டுபவருக்கு அறிவுரை கூறுவர், அறிவுரைக்கு மட்டும் எந்த முகாமிலும் தட்டுப்பாடு ஏற்பட்டதில்லை. திட்டத்தின் குறிக்கோள் வாசகம் "எனக்காக அல்ல, உனக்காக" என்பது. தன்னலமறுப்பை உணர்த்த எழுந்த இவ்வாசகம், பங்குனி வெயிலில் ஒரே மம்பட்டிக்கு முன்னால் இரண்டு தொண்டர்கள் நிற்கும்போது எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கப்படுவதைக் காணலாம்.

பணிகளுள் மிகவும் பெயர்பெற்றது சீமைக் கருவேலம் அகற்றுதல். வேலிக்காத்தான் என்றும் ஊர்ப்புறங்களில் அழைக்கப்படும் இம்மரம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, குளத்தின் உட்பகுதி, கரை, வாய்க்கால் என்று பாராமல் குடியேறியது. இதனை வேரோடு அகற்றுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஆணைகளால் 2017இல் தமிழகமெங்கும் இதன் பெயர் அடிபட்டது. இதன் முள் ரப்பர்ச் செருப்பின் அடியில் புகுந்து மேற்புறம் வந்து எட்டிப்பார்க்கும் ஆற்றல் உடையது என்பதால், முதல் அரைமணி நேரத்தில் முதலுதவிப் பெட்டியைச் சுற்றியே பெருங்கூட்டம் சேரும். இம்மரத்தின் இயல்பு ஒன்றைத் தொண்டர் அறிந்திருப்பதில்லை. வேரைத் தோண்டி எடுக்காமல் மேலே வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பலவாகக் கிளைத்தெழுவது அதன் வழக்கம். வேரைத் தோண்டுவதற்கு மம்பட்டி வேண்டும், குனியவும் வேண்டும். ஆகவே இடுப்பளவில் நின்றபடி வெட்டப்பட்ட மரங்கள், அடுத்த ஆண்டு வரும் இளையோருக்கு மும்மடங்கு வேலையை ஆயத்தமாக வைத்திருக்கின்றன. ஒரு திட்டம் ஆண்டுதோறும் தொடர்வதற்கு இதைவிட உறுதியான ஏற்பாட்டை எந்த அரசாணையும் செய்துவிட முடியாது.

குளத்தில் நீர் இருக்கும் ஆண்டுகளில் அமலைச் செடி (ஆகாயத்தாமரைக்கு நெல்லைப் பகுதியில் வழங்கும் பெயர்) எடுக்கும் பணி உண்டு. பாபநாசத்திலோ ஆற்றிலிருந்து துணி எடுப்பதே பணி. அங்கு நீராடுவோரிற் பலர், உடுத்த துணியை ஆற்றோடு விட்டால் பாவமும் உடன் போய்விடும் என்று நம்புகின்றனர். பாவத்தின் போக்கு ஆராய்ச்சிக்கு உட்பட்டதன்று. துணி மட்டும் எங்கும் போவதில்லை என்பதும், படித்துறைக்குக் கீழே பாறைகளில் சிக்கிக்கொள்கிறது என்பதும், அதைத் தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளிக் கரையேற்றியுள்ளனர் என்பதும் உறுதி. ஊறிய சேலை ஒன்றை மூவர் சேர்ந்து இழுக்கும்போது, ஒரு படி மேலே நின்று தலைமுழுகும் பெரியவர் தம் வேட்டியை ஆற்றில் விடுவதா, அல்லது கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் தொண்டரிடமே கொடுத்துவிடுவதா என்று ஒரு கணம் யோசிப்பதுண்டு.

முகாமின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. அது குளக்கரையில் நூறு நாள் வேலைக்கு வந்திருக்கும் பெண்களைப் பற்றியது. அவர்கள் காலையிலேயே வந்து, ஃபிளெக்ஸ் எதுவும் கட்டாமல், தங்கள் பங்கில் பெரும்பகுதியை முடித்துவிட்டு, வேப்பமர நிழலில் வெற்றிலை போட்டபடி கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பர். தலைச்சுமையின் எடையையும் பிறர் வேலையின் அழகையும் பார்வையாலேயே அளக்க வல்ல அவர்களுள் ஒருவர், சிறிது நேரத்தில் பொறுமையிழந்து எழுந்து வருவார். "எய்யா, இப்படி இறுக்கிப் பிடிச்சா கை கொப்புளிச்சிரும்லா, இங்ஙன குடு" என்பார். "பரவால்ல ஆச்சி" என்று தொண்டர் மறுப்பதற்குள் மம்பட்டி கைமாறியிருக்கும். பிடியைத் தளர விட்டு, மம்பட்டி தன் எடையாலேயே விழுமாறு விட்டு, மண்ணை அள்ளாமல் இழுக்கும் முறையை ஆச்சி காட்டித் தருவார். காட்டித் தரும் அந்தக் கால்மணி நேரத்தில், இருபது பேர் காலையிலிருந்து வெட்டிய நீளம் இரட்டிப்பாகும். அறிக்கையில் இது "கிராம மக்களின் பங்கேற்பு" என்று குறிக்கப்படும். தொண்டர் ஊருக்குச் சேவை செய்கிறார் என்பதே திட்டத்தின் கொள்கை எனினும், சட்டி, மம்பட்டி, குடிநீர், கொப்புளத்துக்கு மருந்து, இடையே ஒரு செம்பு மோர் ஆகிய அனைத்தும் பாய்ந்த திசையைக் கணக்கிட்டால், சேவை பெற்ற தரப்பு எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

பிற்பகல் உறக்கத்தாலும் மாலை கலைநிகழ்ச்சிப் பயிற்சியாலும் நிறைவதால் அவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. ஏழாம் நாள் நிறைவு விழாவில், திட்ட அலுவலர் செப்பனிட்ட வாய்க்காலின் நீளத்தை மீட்டரில் வாசித்து முடித்தபின், ஊர்ப் பெரியவர் ஒருவரை வாழ்த்திப் பேச அழைப்பது மரபு. "பிள்ளைய எல்லாம் தங்கமான பிள்ளைய. அடுத்த வருசமும் வரட்டும், நாங்க சோறு போடுதோம், வரும்போது ஆளுக்கு ஒரு மம்பட்டி மட்டும் கொண்டாந்தா நல்லா இருக்கும்" என்று அவர் உரை பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. பலத்த கைதட்டலுக்குப் பிறகு இது, "கிராம மக்களின் கோரிக்கைகள்" என்னும் தலைப்பின் கீழ், தெருவிளக்குக்கும் பேருந்து வசதிக்கும் அடுத்தபடியாக, மூன்றாம் எண்ணிட்டு அறிக்கையில் பதிவு செய்யப்படுகிறது.