மேல்தட்டுக் கட்டிலும் நாலு செக்கும்

துபாய்க்குப் போனவரிடம் ஊரில் கேட்பார்கள்: "அங்கேயே ஒரு பேங்க் கணக்கு ஆரம்பிச்சுக்கலாமே?" ஏதோ முடிவு அவர் கையில் இருப்பதுபோல.

முதலில் வீட்டு வாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வீட்டுக்காரர் மாதாமாதம் வந்து கதவைத் தட்டுகிற ஆள் இல்லை. வருட வாடகையை வழக்கமாக நாலு செக்காகப் பிரித்து, பின்தேதி போட்டு, குடிபோகும் முன்பே நீட்டிவிட வேண்டும். செக்குக்குக் கணக்கு வேண்டும். கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடி. ஐடிக்கு ரெசிடென்ஸ் விசா. விசாவுக்கு, கம்பெனியில் அரசு அலுவலக வேலைகளைக் கவனிக்கும் பி.ஆர்.ஓ. அவரோ "இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்" என்பார். எந்த வாரத்துக்கு அடுத்தது என்று கேட்பது மரியாதையில்லை. கணக்கு வரும்வரை துபாயின் கராமாவில் ஒரு பெட் ஸ்பேஸ், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில். மேல்தட்டு, மின்விசிறிக்குத் தலை ஜாக்கிரதை.

ஒருவழியாகக் கணக்கு வந்துவிடும். கணக்குக்கு நம்மை மூன்று வாரம் அலையவிட்டவர்கள், கிரெடிட் கார்டுக்கு மூன்று நிமிடத்துக்கொரு தடவை அழைப்பார்கள், சார் போட்டு.

இதற்கிடையே ஊர் வங்கியும் சும்மா இராது. வெளிநாடு போனவர் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. எனும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா. அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. என்று இன்னொரு கணக்கு தனி.

சம்பளம் விழுந்த மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிடும். துபாய்க் கணக்கில் மிஞ்சுவது மினிமம் பேலன்ஸ். அதுவும் இல்லையென்று அபராதம் பிடித்த குறுஞ்செய்தி.